அரியர்னா என்ன? ரிசல்ட் வந்த ராத்திரில இருந்து கிளியர் ஆகுற நாள் வரைக்கும் இந்த வார்த்தைய எப்படி புரிஞ்சுக்கணும், யார்கிட்ட எப்படி சொல்லணும் – முழுமையான வழிகாட்டி

ரிசல்ட் வர்ற அன்னிக்கு ஹாஸ்டல்ல யாரும் தூங்க மாட்டாங்க. சர்வர் படுத்துக்கும், ரிஜிஸ்டர் நம்பரும் பிறந்த தேதியும் அடிச்சு அடிச்சு விரல் வலிக்கும், கடைசில யாரோ ஒருத்தன் போன்ல மட்டும் பேஜ் ஓப்பன் ஆகும், அவன்தான் அந்த விங் முழுக்க எல்லாருக்கும் பாத்து சொல்லுவான். என்னோட மூணாவது செம் ரிசல்ட்டும் அப்படித்தான் வந்துச்சு, "மச்சி உனக்கு ரெண்டு போச்சுடா, டிபிடிஇ ஒண்ணு, ஃப்ளூயிட்ஸ் ஒண்ணு"ன்னு. டிபிடிஇங்கிறது மேத்ஸ் பேப்பர்.

காலைல வீட்டுக்கு போன் போட்டேன். சுத்தி வளைக்காம சொல்லிரலாம்னு, "அம்மா, எனக்கு ரெண்டு அரியர் வந்துருக்கு"ன்னேன். அந்தப் பக்கம் அம்மா குரல்ல ஒரு சந்தோஷம், "அப்படியா சாமி, எவ்வளவு வரும்?"

எங்கப்பா கவர்மென்ட் பஸ்ல கண்டக்டர். எங்க வீட்ல அரியர்ஸ்னா பணம் வர்றது. டிஏ, அதாவது அகவிலைப்படி உயர்வ முன்தேதி போட்டு அறிவிச்சுட்டு, நடுவுல விட்டுப்போன மாசங்களுக்கு சேத்து மொத்தமா குடுப்பாங்க இல்ல, அதுதான் அரியர்ஸ். என்னோட முதல் வருஷ ஹாஸ்டல் ஃபீஸ்ல பாதி அப்படி வந்த பணத்துல கட்டுனதுதான். அதனால அம்மாவுக்கு அந்த வார்த்தை நல்ல வார்த்தை. எனக்கு வாயே வரல. அப்புறம் மெதுவா விளக்கி சொன்னேன், ரெண்டு பாடத்துல பாஸ் ஆகல, மறுபடி எழுதணும்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அம்மா சொன்னாங்க, "அப்போ பாக்கின்னு சொல்லு. பாக்கின்னா கட்டி முடிச்சுரலாம்ல."

இந்த வழிகாட்டிய எழுத அந்த ஒரு வரிதான் காரணம். காலேஜ்ல நாலு வருஷம் நாம தினமும் சொல்ற வார்த்தைக்கு எங்கம்மா சரியான அர்த்தத்த ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாங்க, ஆனா காலேஜ்ல படிக்கிற நாம அத "தோத்துட்டேன்"னு தப்பா மொழிபெயர்த்து வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் அழுவுறோம். இப்போ சேர்ற பசங்க, பொண்ணுங்க, வீட்ல முதல் ஆளா காலேஜ் போறவங்க, இவங்க எல்லாருக்கும் இந்த வார்த்தை முழுசா தெரியணும்.

முதல்ல வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்துரலாம்

அரியர் இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனா இங்கிலீஷுக்கே அது பழைய பிரெஞ்சுல இருந்து போனது. அங்க அதுக்கு அர்த்தம் "பின்னாடி". அவ்வளவுதான். பின்தங்கி நிக்கிறது, பின்னாடி விட்டுட்டு வந்தது. அதுல இருந்து குறிச்ச தேதிக்குள்ள கட்டாம பின்தங்குன பணத்துக்கு அந்தப் பேர் வந்துச்சு. வீட்டு வரி நோட்டீஸ்ல முந்தின அரையாண்டு பாக்கிய அரியர்ஸ்னு போட்டிருப்பாங்க. நல்ல தமிழ்ல நிலுவை. பேப்பர்ல சில சமயம் "நிலுவைத் தேர்வு"ன்னு போடுறாங்க, ஆனா பெரும்பாலும் "அரியர் தேர்வு"ன்னேதான் வருது, ஏன்னா நிலுவைத் தேர்வுன்னா காலேஜ் வாசல்ல நிக்கிறவனுக்கே ஒரு நொடி யோசிக்கணும்.

இங்கிலீஷ்ல இத அதிகமா பன்மைலதான் சொல்லுவாங்க, அரியர்ஸ்னு. நாமதான் அத பிரிச்சு ஒண்ணு ஒண்ணா எண்ண ஆரம்பிச்சோம், ஒரு அரியர், மூணு அரியர், பதினாலு அரியர்னு. இது நம்ம ஊர் புழக்கம். லண்டன்ல இருக்கிற ஒருத்தர்கிட்ட போய் எனக்கு மேத்ஸ்ல ஒரு அரியர் இருக்குன்னா அவருக்கு நீ ஏதோ வாடகை பாக்கி வச்சிருக்கன்னுதான் தோணும், எங்கம்மாவுக்கு தோணுன மாதிரியே. இத ஞாபகம் வச்சுக்கோங்க, வெளிநாட்டு அப்ளிகேஷன் பத்தி பின்னாடி சொல்லும்போது தேவைப்படும்.

அடுத்து, கூட வர்ற வினைச்சொல்ல கவனிங்க

இந்த இடத்துலதான் நம்ம பசங்க மொழி எவ்வளவு நுணுக்கம்னு எனக்கு ஆச்சரியமா இருக்கும். அரியர்ங்கிற பேர்ச்சொல் ஒண்ணுதான், கூட சேர்ற வினைய மாத்துனா கதையே மாறிரும்.

"அரியர் விழுந்துருச்சு" – இது நடந்த விஷயம், மழை பெஞ்சுச்சுங்கிற மாதிரி. ரிசல்ட் வந்த ரெண்டு மூணு நாளைக்கு எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க, அப்போ அந்த காயம் புதுசு. "அரியர் வச்சிருக்கேன்" – இது கொஞ்ச நாள் ஆனதுக்கு அப்புறம், கைல இருக்கு, நான்தான் வச்சிருக்கேன்னு ஒத்துக்கிட்ட நிலைமை. "எத்தன வச்சிருக்க?"ன்னு சீனியர் கேட்டா வேற எந்த விளக்கமும் தேவையில்ல, நம்பர் சொன்னா போதும். "அரியர் எழுதுறேன்"னா மறுபடி பரீட்சை எழுதுறேன்னு. "அரியர் கிளியர் பண்ணிட்டேன்", "தூக்கிட்டேன்" ரெண்டும் பாஸ் ஆயிட்டேங்கிறதுதான், ஆனா தூக்கிட்டேன்ல ஒரு கெத்து இருக்கு, கனமான மூட்டைய தலைல இருந்து எறக்குன மாதிரி. "ஆல் கிளியர்"னா ஒண்ணுமே பாக்கி இல்ல. அப்புறம் சென்னைப் பக்கம் "கப்பு"ன்னு ஒரு வார்த்தை, "எத்தன கப்புடா?"ன்னு கேப்பாங்க, அதுவும் இதுதான்.

ஒரு புழக்கம் மட்டும் எனக்கு சுத்தமா பிடிக்காது. "அரியர் பையன்", "அரியர் கேஸ்". நான் படிக்கும்போது லேப்ல ஒருத்தர் எல்லார் முன்னாடியும் "அரியர் கேஸ் எல்லாம் பின்னாடி பெஞ்சுக்கு போ"ன்னு சொன்னார். அஞ்சு பேர் எந்திரிச்சு போனோம், அதுல ஒருத்தன் அந்த வருஷத்தோட காலேஜயே விட்டுட்டான். அவன் விட்டதுக்கு அந்த வார்த்தை ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா அன்னிக்கு அவன் முகத்த நான் பாத்தேன். அரியர் பேப்பருக்கு இருக்கிறது, ஆளுக்கு கிடையாது. பேங்க்ல கடன் வச்சிருக்கிறவர "கடன் கேஸ்"னு பேர் சொல்லி கூப்பிடுவோமா? தயவுசெஞ்சு நண்பனையும் விளையாட்டுக்கு கூட அப்படி கூப்பிடாதீங்க.

ரிசல்ட் ஷீட்ல இந்த வார்த்தை எங்க ஒளிஞ்சிருக்கு

விசித்திரம் என்னன்னா மார்க்‌ஷீட்ல பாட வரிசைல தேடுனா அரியர்ங்கிற வார்த்தை இருக்காது. அங்க வெறும் எழுத்துதான். அண்ணா யுனிவர்சிட்டி 2017 ரெகுலேஷன்ல, அதாவது அந்த வருஷம் வந்த சிலபஸ், ரூல் தொகுப்புல, படிச்சவங்களுக்கு ஆர்ஏன்னு வந்திருக்கும், ரீஅப்பியரன்ஸ், அதாவது மறுபடி எழுதணும்னு மட்டும்தான் அர்த்தம். 2013 ரெகுலேஷன்ல அது யு. 2021 ரெகுலேஷன்லயும் திரும்ப யு. இத பாத்தாலே தெரியும், யுனிவர்சிட்டியே உன்ன தோத்தவன்னு எழுதல, திரும்ப வான்னுதான் எழுதுது.

ஆனா பக்கத்துல எஸ்ஏன்னு இருந்தா அது வேற. அது அட்டெண்டன்ஸ் குறைவு. 75 சதவீதம் இல்லாம, மெடிக்கல் மாதிரி காரணம் காட்டி சலுகையும் கிடைக்காம போனா பரீட்சையே எழுத விட மாட்டாங்க, திரும்ப ரிஜிஸ்டர் பண்ணி க்ளாஸ்ல உக்காந்து படிக்கணும், அதத்தான் ரீடூன்னு சொல்றோம். அரியர்னா பரீட்சை மட்டும் எழுதுனா போதும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு வீட்ல போய் சொல்றவங்க நிறைய பேர், "அரியர்தான்ப்பா, எழுதிக்கலாம்"னு சொல்லிட்டு அப்புறம் க்ளாஸ் வேற போகணும்னு தெரியும்போது வீட்ல ரெண்டாவது பூகம்பம்.

இப்போ மார்க் கணக்கு. நிறைய பேர் "50 எடுத்தா பாஸ்"னு மட்டும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அது பாதி உண்மைதான். அண்ணா யுனிவர்சிட்டி பி.ஈ.ல மொத்தத்துல 50 சதவீதம் வேணும், அதோட எண்ட் செம், அதாவது செமஸ்டர் கடைசில எழுதுற பரீட்சைல மட்டும் தனியா 45 சதவீதம் வேணும். 2021 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு இன்டர்னல், அதாவது செமஸ்டர் நடக்கும்போதே காலேஜ்ல போடுற மார்க் 40, எண்ட் செம் 60. பரீட்சை 100க்கு எழுதுவோம், அத 60க்கு சுருக்குவாங்க.

ரெண்டு பேர எடுத்துக்குவோம். ஒருத்தி க்ளாஸ்ல நல்லா படிக்கிற பொண்ணு, இன்டர்னல் 34 வச்சிருக்கா, பரீட்சை அன்னிக்கு காய்ச்சல், 100க்கு 42தான் எடுத்தா. 42 சுருங்கி 25 ஆகும், 34ஓட சேத்தா 59. ஆனா 45 சதவீதம்னா 60ல 27 வேணும், அவகிட்ட இருக்கிறது 25. யு. இன்னொருத்தன் இன்டர்னல் வெறும் 22, பரீட்சைல 47 எடுத்தான், அது 28 ஆகும், 22ம் 28ம் 50. பார்டர்ல பாஸ். 59 எடுத்தவளுக்கு அரியர், 50 எடுத்தவனுக்கு இல்ல. அதனால அரியர் வச்சிருக்கிறவன் படிக்காதவன், அரியர் இல்லாதவன் படிச்சவன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த கணக்க ஒரு தடவ போட்டு பாருங்க. உங்க வீட்லயும் பேப்பர்ல எழுதி காமிங்க.

ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்னா வேற. மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாதிரி இடங்கள்ல யுஜிக்கு பாஸ் மார்க் 40, எக்ஸ்டர்னல், அதாவது செமஸ்டர் கடைசி பரீட்சை 75க்கு இருந்தா அதுல 30 எடுக்கணும். பிஜின்னா 50. அட்டானமஸ் காலேஜ் எல்லாம் அவங்கவங்க ரூல் புக் வச்சிருப்பாங்க, அட்மிஷன் அப்போ குடுத்துட்டு யாரும் திறந்து பாக்காத அந்த புக்குதான்.

ரிசல்ட் வந்த முதல் வாரம்: இன்னும் அரியர்னு எழுதிறாதீங்க

அரியர்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கதவு திறந்திருக்கு, அது ரீவேல்யூவேஷன், நம்ம பாஷைல ரீவேல். முதல்ல விடைத்தாள் போட்டோகாப்பிக்கு அப்ளை பண்ணணும், அது வந்ததும் பாடம் எடுத்த சார் மேடம்கிட்ட காமிச்சு உண்மையிலயே மார்க் வருமான்னு கேக்கணும், வரும்னா ரீவேலுக்கு பணம் கட்டணும். தேதி ரொம்ப கம்மியா குடுப்பாங்க, சில நாள்தான், அழுது முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சுரும். ரீவேல்ல பாஸ் ஆயிட்டா அது அதே தடவை எழுதுன பரீட்சைலயே பாஸ் ஆனதுதான், அரியர்ங்கிற வரலாறே கிடையாது. அதனால பார்டர்ல போச்சுன்னு தோணுனா கண்டிப்பா போட்டோகாப்பி வாங்குங்க. 20, 25 எடுத்திருப்போம்னு உங்களுக்கே தெரிஞ்சா அந்த காச வச்சு பழைய கொஸ்டின் பேப்பர் ஜெராக்ஸ் போட்டுக்குங்க.

அப்புறம் ஸ்டாண்டிங், ஹிஸ்டரி – இத மட்டும் ரெண்டு தடவ படிங்க

இந்த வார்த்தைய வச்சு வேலை போறதும் வேலை கிடைக்கிறதும் இங்கதான்.

ஸ்டாண்டிங் அரியர்னா இன்னிக்கு தேதிக்கு இன்னும் பாக்கி நிக்கிறது. ஹிஸ்டரி ஆஃப் அரியர்னா முன்னாடி ஒரு காலத்துல விழுந்துச்சு, இப்போ கிளியர் ஆகியிருந்தாலும் அது வரலாறு. கம்பெனி நோட்டீஸ்ல "நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்"னு போட்டிருந்தா, முன்னாடி அஞ்சு விழுந்து அஞ்சும் தூக்கியிருந்தாலும் நீங்க இன்டர்வியூல உக்காரலாம். "நோ ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்"னு போட்டிருந்தா ஒண்ணு விழுந்து கிளியர் பண்ணியிருந்தாலும் முடியாது. இந்த வித்தியாசம் தெரியாம என் கூட படிச்ச ஒரு பையன், ஸ்டாண்டிங் ஒண்ணும் இல்லாதவன், அரியர்ங்கிற வார்த்தைய பாத்ததுமே நமக்கில்லன்னு அந்த கம்பெனிக்கு பேரே குடுக்கல. அவன விட கம்மி மார்க் எடுத்த ரெண்டு பேர் அதுல உள்ள போனாங்க. அந்த கோவம் எனக்கு இன்னும் அடங்கல, நோட்டீஸ் ஒட்டுனவங்க ஒரு நிமிஷம் நின்னு விளக்கியிருந்தா போதும்.

டிகிரிலயும் இதோட தடம் இருக்கு. ஃபர்ஸ்ட் க்ளாஸ் வித் டிஸ்டிங்ஷன் வேணும்னா எல்லா பேப்பரும் முதல் தடவையே பாஸ் ஆகியிருக்கணும், சிஜிபிஏ 8.5 இருந்தாலும் ஒரு ஹிஸ்டரி இருந்தா டிஸ்டிங்ஷன் கிடையாது, வெறும் ஃபர்ஸ்ட் க்ளாஸ்தான். ஆனா ஃபர்ஸ்ட் க்ளாஸ் கெட்டுப்போகாது, குறிச்ச வருஷத்துக்குள்ள முடிச்சுட்டா. நிறைய பேர் ஒரு அரியர் விழுந்ததும் இனிமே செகண்ட் க்ளாஸ்தான்னு மனச விட்டுர்றாங்க, அது தப்பு.

ஃபார்ம்ல "ஆக்டிவ் பேக்லாக்"னு கேட்டா அது ஸ்டாண்டிங் அரியர்தான். பேக்லாக்ங்கிறது வெளி மாநில வார்த்தை. இந்த விஷயத்துக்கு ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு பேர், கேரளாலயும் ஆந்திராலயும் சப்ளின்னு சொல்லுவாங்க, மும்பைல கேடி, வடக்க பேக். இலங்கைல கேம்பஸ் பிள்ளைகள் ரிப்பீட்னு சொல்லுவாங்க. பெங்களூர்ல இன்டர்வியூக்கு போய் "ஐ ஹேவ் ஒன் அரியர்"னு சொன்னா எதிர்ல இருக்கிற ஹெச்ஆர் வடநாட்டுக்காரரா இருந்தா புருவத்த தூக்குவார், பேக்லாக்னு சொல்லுங்க, உடனே புரியும். வெளிநாட்டுக்கு மேல்படிப்பு போறவங்களுக்கும் இதே, பல யுனிவர்சிட்டிங்க பேக்லாக் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க, அது காலேஜ்லயோ யுனிவர்சிட்டிலயோ வாங்கணும். அங்க சில பேர் பேப்பர எண்ணுவாங்க, சில பேர் எத்தன தடவ எழுதுனோம்னு எண்ணுவாங்க. ஒரே மேத்ஸ் பேப்பர மூணு தடவ விட்டிருந்தா முதல் கணக்குல ஒண்ணு, ரெண்டாவது கணக்குல மூணு. அப்ளை பண்றதுக்கு முன்னாடியே மெயில் போட்டு எப்படி எண்ணுவீங்கன்னு கேட்டுருங்க.

எங்கயும் பொய் சொல்லாதீங்க, அது மட்டும் வேண்டாம். வேலைக்கு சேந்ததுக்கு அப்புறம் மார்க்‌ஷீட் எல்லாத்தையும் வெரிஃபிகேஷனுக்கு வாங்குவாங்க, எந்த மாசம் எந்த வருஷம் பாஸ் ஆனோம்னு அதுலயே இருக்கும்.

யார்கிட்ட எப்படி சொல்றது

வீட்ல சொல்றதுதான் கஷ்டம், அதனால முதல்ல அது. நான் இப்போ என் சித்தி பையனுக்கு சொல்லிக் குடுக்கிறது இதுதான்: "ஃபெயில்"னு ஆரம்பிக்காத, வெறும் "அரியர்"னும் சொல்லிட்டு நிறுத்தாத. கடன் வாங்குன மனுஷன் எப்படி சொல்லுவானோ அப்படி சொல்லு, எவ்வளவு பாக்கி, எப்போ கட்டப்போறேன், எப்படி கட்டப்போறேன். "ப்பா, ஆறு பேப்பர்ல அஞ்சு பாஸ், மேத்ஸ் ஒண்ணு பாக்கி நிக்குது, அது ஏப்ரல்ல திரும்ப எழுதணும், ஃபீஸ் கட்டணும், ஜனவரில இருந்து தினமும் ஒரு மணி நேரம் அதுக்கு ஒதுக்குறேன்." இத கேக்குற அப்பாவுக்கு கோவம் வரலாம், பயம் வராது. வீட்ல பெரும்பாலும் கோவமா வெளிய வர்றது பயம்தான், இவன் வாழ்க்கையே போச்சோன்னு. "பாக்கி"ங்கிற வார்த்தை அந்த பயத்த பாதியாக்கிரும், எங்க வீட்ல நான் கண்ணால பாத்தேன்.

ஹெச்ஓடி, அதாவது துறைத் தலைவர்கிட்டன்னா பாடத்தோட கோட் நம்பர சொல்லுங்க, பேர மட்டும் சொல்லாதீங்க. இன்டர்வியூல கேட்டா சுருக்கமா, "மூணாவது செம்ல ரெண்டு பேப்பர் போச்சு சார், அஞ்சாவது செம்முக்குள்ள ரெண்டும் முடிச்சுட்டேன், இப்போ எதுவும் நிலுவைல இல்ல"ன்னு சொல்லிட்டு நிறுத்திருங்க, வாத்தியார் சரியில்ல, பேப்பர் திருத்துனவர் சரியில்லன்னு கதை வேண்டாம். நண்பன்கிட்ட சொல்றதுக்கு வழிகாட்டி தேவையில்ல, அவனுக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும்.

கட்டி முடிக்கிறது

அரியர் பேப்பர் நவம்பர்-டிசம்பர்லயும் வரும், ஏப்ரல்-மேலயும் வரும், ரெண்டு சீசன்லயும் எழுதலாம், அடுத்த வருஷம் அதே செம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. ஃபீஸ் கட்டுற கடைசி தேதி மட்டும் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ப நம்பாம ஆபீஸ்ல போய் கேளுங்க. காலேஜ் முடிஞ்சு போனவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், குரூப்ல இருந்து எடுத்துருப்பாங்க.

பாட கோட் பாத்து கட்டுங்க. டிபிடிஇன்னு நாம ஒரே பேர்ல சொல்ற மேத்ஸ் பேப்பர் 2013 ரெகுலேஷன்ல எம்ஏ 6351, 2017ல எம்ஏ 8353, 2021ல எம்ஏ 3351. ஜூனியர்கிட்ட நோட்ஸ் வாங்கும்போதும் இதே கவனம் வேணும்.

படிக்கிறது பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன், நான் டிபிடிஇ தூக்குனது இப்படித்தான். அஞ்சு யூனிட். நான் எழுதுனப்போ பேப்பர்ல பத்து ரெண்டு மார்க், அஞ்சு பதினாறு மார்க், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பதினாறு மார்க், அதுல இது இல்லன்னா அது. முதல் தடவ அஞ்சு யூனிட்டையும் அரைகுறையா பாத்துட்டு போய் எல்லாத்துலயும் பாதி வழில நின்னேன். ரெண்டாவது தடவ ஃபூரியர் சீரிஸ், ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம், இசட் டிரான்ஸ்ஃபார்ம், இந்த மூணையும் மட்டும் எடுத்தேன், பத்து பழைய பேப்பர்ல இருந்த அத்தன கணக்கையும் கைல எழுதி எழுதி போட்டேன், பாத்து படிக்கல, எழுதுனேன். மூணு பதினாறு 48. மீதி ரெண்டு யூனிட்ல ரெண்டு மார்க் கேள்வியும் ஃபார்முலாவும். பரீட்சை ஹால்ல இசட் டிரான்ஸ்ஃபார்ம் கணக்கு நான் முந்தின நாள் போட்டதே வந்துச்சு, கை நடுங்கி ஒரு நிமிஷம் எழுதவே முடியல.

அரியர் பேப்பரயும் அந்த செம் ரெகுலர் பேப்பரயும் ஒரே நாள்ல காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு போட்டிருவாங்க சில சமயம், டைம்டேபிள் வந்த அன்னிக்கே ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க. ரெகுலர் பேப்பர விட்டுட்டு அரியர மட்டும் படிச்சா ஒண்ண தூக்கி ரெண்டு சேத்துக்குவீங்க, இது வட்டி கட்ட கடன் வாங்குற மாதிரி.

ஒரு விஷயம் பல பேருக்கு தெரியாது, 2013, 2017 ரெகுலேஷன்கள்ல மூணாவது தடவைல இருந்து இன்டர்னல் மார்க் கம்மியா இருந்தாலும் எண்ட் செம்ல மட்டுமே 50 சதவீதம் எடுத்தா பாஸ். இன்டர்னல் பத்தே இருந்தாலும் கவலை இல்ல. உங்க ரெகுலேஷன்ல என்ன இருக்குன்னு ரூல் புக்ல பாத்துக்குங்க. மொத்தத்துல பி.ஈ. முடிக்க ஏழு வருஷம் குடுக்கிறாங்க. அது தாண்டுனவங்களுக்கும் யுனிவர்சிட்டி எப்போவாவது சிறப்பு வாய்ப்புன்னு அறிவிக்கும், அத நம்பி உக்காந்துராதீங்க, ஆனா ஏழு வருஷம் தாண்டிருச்சுன்னு டிகிரிய மறந்தும் போயிராதீங்க, நோட்டிஃபிகேஷன பாத்துக்கிட்டே இருங்க.

2020ல நடந்தது

இந்த வார்த்தை தமிழ்நாடு முழுக்க டீக்கடை வரைக்கும் போனது அந்த வருஷம்தான். கொரோனா நேரம், 2020 ஆகஸ்ட் 26, அப்போ முதலமைச்சரா இருந்த எடப்பாடி பழனிசாமி கடைசி செமஸ்டர் தவிர மத்தவங்க, அரியருக்கு ஃபீஸ் கட்டியிருந்தா பரீட்சை எழுதாமலே பாஸ்னு அறிவிச்சார். இருபது பேப்பர் வச்சிருந்தவன் கூட ஒரே சாயங்காலத்துல ஆல் கிளியர். போஸ்டர் அடிச்சாங்க, கேக் வெட்டுனாங்க. அப்புறம் இன்ஜினியரிங் படிப்புகள ஒழுங்குபடுத்துற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ பரீட்சை இல்லாம பாஸ் போட முடியாதுன்னு எதிர்ப்பு சொன்னாங்க, கேஸ் சென்னை ஹைகோர்ட்டுக்கு போச்சு, கோர்ட்டும் பரீட்சை இல்லாம பாஸ் போடுறத ஏத்துக்கல, ஏதோ ஒரு வகைல எழுதித்தான் ஆகணும்னு வந்து நின்னுச்சு. நடுவுல மாசக்கணக்குல அந்த பசங்களுக்கு நமக்கு அரியர் இருக்கா இல்லையான்னே தெரியாது. வேலைக்கு அப்ளை பண்ற ஃபார்ம்ல ஸ்டாண்டிங்னு போடுறதா கிளியர்னு போடுறதான்னு எனக்கு தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தா. பாக்கிய தள்ளுபடி பண்றேன்னு சொல்லிட்டு திரும்ப கேட்டா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

என் சித்தி பையனுக்கும் மூணாவது செம்ல அதே டிபிடிஇதான் போச்சு. ஏப்ரல்-மே சீசன்ல எழுதுனான், போன மாசம் ரிசல்ட் வந்துச்சு, பி கிரேடு. நேத்து ராத்திரி பத்து மணிக்கு போன், ஏதோ கம்பெனி இன்டர்ன்ஷிப் ஃபார்ம் திறந்து வச்சுக்கிட்டு, "அண்ணா, அரியர்னு ரெண்டு கட்டம் இருக்கு, எதுல என்ன போடுறது?"

"ஸ்டாண்டிங்ல சைபர் போடு. ஹிஸ்டரில ஒண்ணு போடு."

"ஒண்ணுன்னு போடணுமாண்ணா?"

"போடுடா. கட்டி முடிச்ச பாக்கிதானே."

கீபோர்டுல ரெண்டு தட்டு தட்டுற சத்தம் கேட்டுச்சு, சப்மிட் ஆயிருச்சுன்னான்.